காலி வண்டிக்காக அடித்துக்கொண்டோம், மச்சான்

என் தறிக்குப் பாதியாக இருந்த ஏகாம்பரம் மச்சானுக்கு,

நாடகப் பாட்டுப் புஸ்தகம் படிக்க வேண்டும் என்பதற்காகவே நாம் இரண்டு பேரும் எழுத்துக் கற்றுக்கொண்டோம். அந்த எழுத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது, நீ போய்ப் பன்னிரண்டு வருஷம் கழித்து. இதை அச்சாபீசில் கொடுத்து, நாடக நோட்டீசுக்குப் போடுகிற அதே ரோஸ் காகிதத்தில் அடிக்கச் சொல்லப் போகிறேன். உன்னால் படிக்க முடியாது, ஊராவது படிக்கட்டும்.

முதலில் ஊர்ச் செய்தி. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் பேசும் படத்துக்கு டெண்டு போட்டிருக்கிறார்கள். படத்தில் யார் தெரியுமா? உன் தேன்குழலாரும் என் வெண்கலத்தாரும்! மேடையில் ஆளுக்கொரு ராஜா வேஷம் போட்டு ஊரை இரண்டாக்கியவர்கள் இதில் அண்ணன் தம்பியாம். சிரிக்கிறாயா? சிரி. நாளைச் சாயங்காலம் முதல் ஆட்டத்துக்கு இருவரும் நேரிலேயே வருகிறார்கள்.

சுவரொட்டியில் உன் ஆள் பெயர் மேலே, என் ஆள் பெயர் கீழே. என் கட்சிக்காரர்கள் விடுவார்களா? மேலே இருந்த பெயருக்குச் சாணி அடித்தார்கள். அடித்தவனைப் பிடித்து அவன் காதைக் கிழித்தார்கள். கிழித்தவன் வீட்டார் தெருவில் நீட்டியிருந்த தறிப் பாவு முழுவதையும் அறுத்துப் போட்டார்கள், பட்டு நூல் சாக்கடையில் கிடந்தது. சின்னக் காஞ்சிபுரத்து வடகலை தென்கலை நாமச் சண்டையை நாம் கேலி செய்வோமே, அவர்களாவது சாமிக்காக அடித்துக்கொண்டார்கள்.

என் ஆள் கட்சிக்கு இப்போது தலைவன் உன் மகன் தணிகாசலம். தாயில்லாப் பிள்ளை, எட்டு வயதில் நீயும் போனாய், என் வீட்டில்தான் வளர்ந்தான். உன் இடத்தில்தான் உட்கார்ந்து நெய்கிறான். உனக்கு நினைவிருக்கும், சேலை உடலுக்கு நூல் ஓட்ட ஒரு நாடா, கரைக்கு ஒரு நாடா, தறியின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. நான் என் ஆள் பாட்டைப் பாடுவேன், நீ உன் ஆள் பாட்டைப் பாடுவாய், கரை கோணிக்கொண்டு போகும், உன் தங்கை அலமேலு இருவரையும் ஒரே வாயில் திட்டுவாள்.

நேற்றுக் காலை தறிக்குழியில் கால் வைத்தேன், மிதிக்கட்டை தட்டுப்படவில்லை, கண்ணாடி தட்டுப்பட்டது. குழி நிறைய கோலி சோடா பாட்டில்.

"என்னடா இது?" என்றேன்.

"உனுக்கு எதுக்கு மாமா? நாளன்னிக்கி அந்தத் தேன்குழலு வண்டிய விட்டு எறங்கட்டும், மண்டையப் பொளந்துடறேன்."

"அந்தாளு உன்ன என்னடா பண்ணாரு?"

"எங்கப்பன் அந்தாளு வண்டிய இழுக்கப் போயிதான குதிர ஒதச்சி செத்தான்? எட்டியாவது பாத்தானா அந்தாளு? குதிரைகிட்ட ஒத வாங்கினவன் புள்ளன்னு இன்னிக்கும் சிரிச்சிக்கினு இருக்கறானுங்க மாமா."

அவன் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தான். நீயும் நானும் சேர்ந்து சொன்ன பொய்தான் அந்தச் சாக்குக்குள் போய்க்கொண்டிருந்தது.

ஊருக்கு இனி உண்மையைச் சொல்கிறேன். அன்றைக்கு இரண்டு பேரும் ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒரே ரயிலில் வந்தார்கள். ஸ்டேஷன் வாசலில் நின்றது பாஷா பாயின் ஜட்கா ஒன்றுதான். குதிரையை அவிழ்த்துவிட்டு, நம் ஆளை நாமே இழுத்துப் போக வேண்டும் என்று இரண்டு கட்சிக்கும் வெறி. ரயில் நிற்பதற்குள் அடி ஆரம்பித்துவிட்டது. ஒருவனுக்குப் பல் போயிற்று, ஒருவனை ஜல்லிமேல் இழுத்துப் போட்டு மிதித்தார்கள். பாஷா பாய், "யா அல்லா, என் வண்டிய விடுங்க நாயனாங்களா" என்று கத்திக்கொண்டே விழுந்தார்.

ஜட்காவின் ஏர்க்கால்களில் ஒன்றை நீ பிடித்திருந்தாய், இன்னொன்றை நான் பிடித்திருந்தேன். தறியில் இருந்த மாதிரியே எதிரும் புதிருமாக. உன் வாயில் ரத்தம், ஆனாலும் சிரித்தாய். "வுடு மச்சான், உன் ஆளு நடந்து வரட்டும். அவுருக்குத்தான் தொண்ட பெருசாச்சே, கத்திக்கினே வரச் சொல்லு" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். தறியில் தினம் சொல்கிற கேலிதான்.

என் கையில் சோடா பாட்டில் இருந்தது. கூட்டத்தில் தவறிப் பட்டது என்று இத்தனை வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். இல்லை மச்சான். உன் முகத்தைப் பார்த்தேன், நீதான் என்று தெரிந்தே ஓங்கினேன், காதுக்கு மேலே இறக்கினேன். பாட்டில் உடையவில்லை, உன் மண்டைதான் உடைந்தது.

மூன்று நாள் கிடந்தாய். கான்ஸ்டபிள் வந்து கேட்டபோது என்னைப் பார்த்துக்கொண்டே, "குதிர ஒதச்சிட்ச்சிங்க" என்றாய். தங்கை தாலிக்காகச் சொன்னாயா? எனக்காகவா? இல்லை, நினைவு தப்பித்தான் சொன்னாயா? நான் வாயைத் திறக்கவில்லை. அதை நம்பிக்கொண்டு உன் கட்சிக்காரர்கள் பாஷா பாய் லாயத்துக்குப் போய், கட்டிப்போட்ட குதிரையைக் கல்லால் அடித்தார்கள். முதலில் ஒரு கண், பிறகு முழங்கால். அது சாக ஒரு பகல் முழுக்கப் பிடித்தது. நான் லாயத்து வேலியோரம் நின்று பார்த்தேன்.

இதைவிட அசிங்கமான ஒன்று இருக்கிறது. உன்னை வீட்டில் கொண்டுவந்து போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, நான் அன்றைக்கே நாடகத்துக்குப் போனேன். என் ஆள் பாடினார். நான் எழுந்து நின்று "ஒன்ஸ் மோர்" என்று கத்தினேன். என்ன ஜென்மம் நான், சொல்லேன்!

நேற்று அலமேலுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தாள். அழவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

"அன்னிக்கி நாடகத்துக்குப் போனியே, அது அடிச்சதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"பின்னால" என்றேன்.

அடுப்பிலிருந்த கட்டையை உருவி என் தோளில் போட்டாள், நெருப்போடு. இரண்டாவது அடி முதுகில். மூன்றாவதுக்கு அவளுக்குக் கை எழவில்லை. மஞ்சளை நானே அரைத்துப் போட்டுக்கொண்டேன். இன்று காலை எனக்குக் கஞ்சி வைக்கவில்லை. ஆனால் காகிதத்தையும் மையையும் எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு, "எழுது. ஒண்ணையும் மறைக்காத" என்றாள்.

எழுத உட்காருவதற்கு முன்னால் பாஷா பாய் காலில் விழப் போனேன். கிழவர் காலை இழுத்துக்கொண்டார். "உனுக்கு ஒண்ணு தெரியுமா நாயனா? அன்னிக்கி அந்த நாடகக்காரங்க என் வண்டிகிட்ட வரவேயில்ல. கூச்சலக் கேட்டுட்டு, கூட்ஸ் ஷெட்டு பக்கமா எறங்கி, ரெண்டு பேரும் ஒரே மாட்டு வண்டில ஏறிப் போய்ட்டாங்க. வெத்தலப் பொட்டி ஒண்ணு, அதுல மாத்தி மாத்தி எடுத்துப் போட்டுக்கினு போனாங்களாம். ஓட்டினவன் என் சகலைதான்."

கேட்டாயா மச்சான்? அவர்கள் அன்றைக்கே அண்ணன் தம்பிதான். யாருமே ஏறாத வண்டிக்காக நான் உன்னைக் கொன்றேன். பாட்டைக் கேட்டதோடு ஏன் நமக்குப் போதவில்லை? காசு கொடுத்தோம், அழுதோம், சிரித்தோம். அதற்குமேல் அவர்களுக்கும் நமக்கும் என்ன இருந்தது? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை. ஆனால் இப்போதுகூடத் தறியில் உட்கார்ந்தால் வாய் அந்தப் பாட்டுக்குத்தான் போகிறது. என்ன செய்ய?

இனி உனக்கு என் வாக்கு. நாளை டெண்டு வாசலில் இந்தக் கடிதத்தின் முதல் நோட்டீஸ் தணிகாசலம் கைக்குப் போகும். அவன் பாட்டில் தேன்குழலார் மேல் விழக் கூடாது, யார் பெற்ற பிள்ளை மேலும் விழக் கூடாது. அவன் படித்து முடிக்கும்வரை அவன் எதிரிலேயே நிற்பேன். உன் பிள்ளைக்கு உன் கோபம் இல்லை, என் கோபம்தான் இருக்கிறது. நான் வளர்த்தது அல்லவா? ஓங்கினால் ஓங்கட்டும், தலையை நகர்த்த மாட்டேன்.

யார் அடித்தது என்று கான்ஸ்டபிள் வந்து கேட்டால், மூச்சிருந்தால், குதிரை மேல் பழி போட மாட்டேன். அவன் மேலும் போட மாட்டேன். "அன்றைக்கு நான் ஓங்கிய பாட்டில்தான் ஐயா, இன்றைக்குத்தான் இறங்கியது" என்று சொல்வேன்.

இப்படிக்கு,
உன் தங்கை புருஷன், உன் மகனுக்கு மாமன்,
உன்னைக் கொன்ற மச்சான்
குப்புசாமி