சாவி தூங்கும் டப்பா

பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் முதுகுவலி தேவலையா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. போனில் சொன்னால் அழுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

ஒரு வேடிக்கை. நான் ஓட்டுகிற முதலாளியின் கார் வாசலிலிருந்து களவு போய்விட்டது. சாவியோ என் அறை ஆணியிலேயே தொங்குகிறது! “சாவி உங்கிட்ட இருக்கு, வண்டி மட்டும் எப்படிப்பா போகும்?” என்கிறார் முதலாளி. மெக்கானிக்கிடம் ஓடினேன்.

மெக்கானிக்தான் சொன்னார்: “இது பட்டனை அழுத்தினா கிளம்புற வண்டி. சாவி சும்மா கிடந்தாலும் சிக்னல் விட்டுக்கிட்டே இருக்கும். வெளியே நின்னு மெஷின் வச்சு அதைப் பிடிச்சு வண்டிக்குக் காட்டிட்டாங்க, சாவி பக்கத்துல இருக்குன்னு அது நம்பிடுச்சு. தகர டப்பாவுல போட்டு மூடி வைங்க.”

இப்போது வேறு வண்டி, அதுவும் பட்டன்தான். “இதுவும் போச்சுன்னா நீயும் ஊருக்குப் போயிடு” என்றுவிட்டார் முதலாளி. நீ ஊசிநூல் போட்டுத் தந்த டப்பாவில்தான் சாவி தூங்குகிறது. அது சிக்னலை அடைக்குமா என்று பார்க்க, போனை உள்ளே வைத்து யாரையாவது கூப்பிடச் சொல்ல வேண்டுமாம். இங்கே என்னைக் கூப்பிட முதலாளியை விட்டால் யார் இருக்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ கூப்பிடு. மணி அடிக்காவிட்டால் வேலை தப்பித்தது.

நல்ல நூல் இருந்தால் அனுப்பு, சட்டைக்கு. முதலாளி ஹாரன் அடிக்கிறார், முடிக்கிறேன்.

ஒன்று மட்டும். நான் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு குரல் சொல்லும். நம்பாதே. டப்பாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

பாப்பாவின் அப்பா