உறை கிழிந்த மறுநாள்

என்னை வாய் நிறைய ‘மதினி’ என்று கூப்பிட்டவளே,

இன்று காலை திருமங்கலத்தில் மருந்துக் கடை முன்னால் பிரஷர் மாத்திரைக்காக நின்றிருந்தேன். தாலிக்கயிற்றில் மஞ்சள் மாறாத ஒரு பெண், கரு தங்காமலிருக்க மூன்று நாளைக்குள் போட வேண்டிய மாத்திரையை மெதுவான குரலில் கேட்டாள். “அதெல்லாம் நாங்க வைக்கிறதில்லம்மா” என்றார் கடைக்காரர், அவள் முகத்தைப் பார்க்காமலே. அவள் தலை கவிழ்ந்தது. எனக்குள் உன் குரல் ஏறிவிட்டது. “ஏன் வைக்கிறதில்ல?” என்று கேட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. அவளை ஆட்டோவில் ஏற்றி, எனக்குத் தெரிந்த லேடி டாக்டரிடம் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பேரையூர்ப் பக்கம், பருத்திக்காட்டை ஒட்டிய நம் வீடு. நான் உன் அண்ணன் பெண்டாட்டி. நீ என்னைவிட ஒரு வயது இளையவள், திருமங்கலம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். எனக்கு முதல் இரண்டும் பெண்கள். மூன்றாவதாகப் பிறந்த ஆண்பிள்ளை தங்கவில்லை. உதிரம் நிற்காமல் போய் நான் பிழைத்ததே பெரிது. இன்னொரு பிரசவத்தை உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரத்தம் ஊறிய பிறகு கருத்தடை ஆபரேஷன், அதுவரை ஆணுறை. அந்த உறை ஒருநாள் கிழிந்துபோனது.

“ஒண்ணும் ஆகாது” என்று சொல்லிவிட்டு உன் அண்ணன் காட்டுக்குப் போய்விட்டார். லீவில் வந்திருந்த நீ, அடுப்படியில் நான் அழுவதைப் பார்த்துக் கேட்டாய். சொன்னேன்.

“எப்ப?”

“நேத்து.”

“அப்பக் கெளம்பு மதினி. ஏதாச்சும் வழி இருக்கும்.”

“இருக்குன்னு ஒனக்குத் தெரியுமா?”

“தெரியாது. கேப்போம்.”

வாசலில் உன் அம்மா மறித்தார். “பிள்ளைகள விட்டுட்டு எங்கடி போறீக?”

“ஆஸ்பத்திரிக்கி.”

“இவளுக்கு என்ன நோவு?”

“சாகப் பிடிக்கல. அதான் நோவு.”

பெற்ற தாயிடம் நீ அப்படிப் பேசியதை அதுவரை நான் பார்த்ததில்லை.

திருமங்கலத்தில் நாம் முதலில் பார்த்த டாக்டர், “நாள் தள்ளிப்போனா வாங்க, பெறகு பாத்துக்கலாம்” என்றார். “தள்ளிப்போகாம இருக்கத்தான சார் கேக்குறோம்?” என்றாய். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பஸ் பிடித்து மதுரைக்குப் போனோம். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா, வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்காது என்றார்.

“எந்தச் சட்டத்துல இருக்குன்னு காட்டுங்க. வாசிச்சுட்டுப் போறோம்.”

வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் நம்மையே பார்த்தார்கள். நான் உன் முந்தானையை இழுத்தேன். “வேணாம்டி, போயிருவோம்.”

“போயி?” என்றாய்.

சத்தம் கேட்டு வெளியே வந்த இளம் டாக்டரம்மாதான் நம்மை உள்ளே உட்காரவைத்தார். காப்பர்-டி வைக்கலாம், ஆனால் ரத்தம் குறைந்த உடம்புக்கு அது உதிரப்போக்கைக் கூட்டிவிடும் என்றார். தினமும் போடும் கருத்தடை மாத்திரையையே, அளவு கூட்டி, பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் இரண்டு வேளை போடலாம். இது கலைப்பு அல்ல, கரு தங்காமல் தடுப்பது. “நூத்துக்கு நூறுன்னு சொல்ல மாட்டேன். நாள் தள்ளுனா எங்கிட்டயே வாங்க. அதுக்கும் சட்டத்துல எடம் இருக்கு” என்றார். என் வாழ்க்கையில் ஒரு டாக்டர் என்னிடம் நேராகப் பேசியது அன்றுதான்.

அன்று ராத்திரி, திருமங்கலத்தில் நீ தங்கியிருந்த அறையில் மாத்திரை போட்டதும் குடல் வெளியே வருகிற மாதிரி குமட்டியது. என் தலையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாய்.

இரண்டு வாரம் கழித்து, பேரையூர் தபாலாபீசிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்குப் போன் போட்டேன். எடுத்தது நீதான். என்னைச் சுற்றிலும் ஆண்கள். “விருந்தாளி வந்தாச்சு” என்று முணுமுணுத்தேன்.

“என்னது? கேக்கல. சத்தமாச் சொல்லு மதினி.”

“வீட்டுக்குத் தூரமாயிட்டேண்டி!” என்று கத்தினேன். தபால்காரர் முத்திரையை வைத்த இடத்திலேயே வைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் நீ சிரித்தாய், அழுதாய், இரண்டும் ஒன்றாகக் கேட்டது.

விஷயம் வீட்டுக்குத் தெரிந்ததும், “என்னக் கேக்காம எப்படிப் போகலாம்?” என்று உன் அண்ணன் குதித்தார். “அண்ணே, இவ செத்தா ஒனக்கு இன்னொருத்தி வந்துருவா. எனக்கு இந்த மதினி வருவாளா?” என்று கேட்டாய். மறுவருஷம் ஆபரேஷனுக்கு என்னை அவரே கூட்டிப்போனார். ஆனால் உன்னைப் பெண் பார்த்துப் போனவர்கள், “பொம்பளைக்கி இம்புட்டு வாயா?” என்று ஒதுங்கிக்கொண்டார்கள். “இந்த வாய் இல்லாட்டி எங்க மதினி இல்ல” என்றாய். அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சையே நீ எடுக்கவிடவில்லை.

போன ஐப்பசியில் நீ போனாய். உன் அண்ணன் உனக்கு முன்பே போய்விட்டார். உனக்கும் பிள்ளை இல்லை, எனக்கும் ஆண்பிள்ளை இல்லை. கொள்ளி வைக்கப் பங்காளி வீட்டுப் பையன் வரட்டும் என்று காத்திருந்தார்கள். நான் காத்திருக்கவில்லை. கொள்ளிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். என் மகள்கள் இருவரும் இரண்டு பக்கமும் வந்தார்கள். ‘பொம்பளைக வரப்படாது’ என்ற சத்தம் சுடுகாடு வரைக்கும் பின்னாலேயே வந்தது. சட்டி சுட்டது. கீழே வைக்கவில்லை. நீ காப்பாற்றிக் கொடுத்த கையால்தான் உனக்குத் தீ மூட்டினேன்.

உள்ளங்கையில் தழும்பு விழுந்திருக்கிறது. யார் கேட்டாலும் விரித்துக் காட்டுகிறேன்.