மணல் மூட்டை

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். நான் நலம். முழங்கால் வலி தேவலையா?

என் வேலை என்னவென்று கேட்டீர்களே. பணிமனையில் நீங்கள் பயணிகளுக்குப் பதில் மணல் மூட்டை ஏற்றிப் பேருந்தை ஓட்டிப் பார்ப்பீர்களே, அதேதான். கணினிகளுக்குப் பொய் வேலை கொடுத்துத் திணறவைத்து, வரும் வேலைகள் சரியாகப் பங்கிடப்படுகின்றனவா என்று பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை அந்தப் பொய் மூட்டையை இறக்க மறந்துவிட்டேன். திங்கள்வரை நிஜ வேலைகள் வரிசையில் நின்றன. "வெட்டி வேலைய இவ்வளவு ஒழுங்கா யாரும் பாத்ததில்லம்மா" என்று மேலாளர் சிரித்துவிட்டார்.

திரை துடைக்க உங்கள் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

இடைவேளை முடிகிறது. போனில் "வேலை தலைக்கு மேல இருக்குப்பா" என்று சீக்கிரம் வைத்துவிடுகிறேனே, அதுவும் மணல் மூட்டைதான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள், இறக்கிவைத்துவிடுகிறேன்.

உங்கள் மகள்