வரவேற்பறையில் மாட்டியிருக்கும் என் படத்தை இறக்குவது குறித்து

அனுப்புநர்:
சந்தைத் தெரு முனையில் தையல் கடை நடத்துபவர்
(பெயரும் கதவு எண்ணும் இணைப்பு 1-இல்)

பெறுநர்:
தனியார் மருத்துவமனைகள் கண்காணிப்பு அலுவலர் அவர்கள்,
நகரச் சுகாதார அலுவலகம், இரண்டாம் மாடி

பொருள்: இரைப்பையில் பலூன் வைத்துக்கொண்டவர்களின் ஊட்டச்சத்தைக் கவனிக்க ஆள் இல்லாதது, என் படத்தை இறக்கக் கோருவது – மூன்றாம் மனு.

மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மா அவர்களுக்கு,

வணக்கம். என் முதல் மனுவுக்கு, "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரி பதில் வந்தது. இரண்டாவதற்கும் அதே வரிதான், மை மட்டும் வேறு. இம்முறை ஒரு தேதி இருக்கிறது. வரும் பதினான்காம் தேதி, எனக்குப் பலூன் வைத்த அதே மருத்துவமனையில், என் நாத்தனாருக்கு அதே பலூனை வைக்கப்போகிறார்கள். ஆகவே பரிசீலனையை அதற்குள் முடிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொண்டு, நடந்ததை மறுபடியும் முதலிலிருந்து எழுதுகிறேன்.

1. இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்தே வேலை பார்ப்பவள் நான். எடை தொண்ணூற்றெட்டு கிலோ. முழங்கால் வலியோடு சர்க்கரையும் சேர்ந்துகொண்டதால் இந்தச் சிகிச்சைக்குச் சம்மதித்தேன். வயிற்றைக் கிழிப்பதில்லை. வாய் வழியே குழாய் விட்டு, இரைப்பைக்குள் பலூனை வைத்து உப்புநீர் நிரப்பி, ஆறு மாதம் கழித்து எடுத்துவிடுவார்கள். சிகிச்சையை நான் குறை சொல்லவில்லை. பலூன் அதன் வேலையை ஒழுங்காகவே செய்தது. மனிதர்கள்தான் செய்யவில்லை.

2. முதல் நாள் ஒரு பச்சை நோட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். அதில் ஊட்டச்சத்து ஆலோசகரைப் பார்க்க வேண்டிய ஆறு முறைக்கும் ஆறு கட்டங்கள். வரவேற்பில் இருந்த பெண் அன்றைக்கே ஆறிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "ஒவ்வொரு தடவையும் காத்துக் கிடக்க வேணாம் பாருங்க, உங்களுக்காகத்தான்" என்றார். நான் நன்றி வேறு சொன்னேன். அந்த ஆலோசகரின் முகம் எனக்கு இன்றுவரை தெரியாது. (நகல் இணைப்பு 2.)

3. முதல் சில நாள் வாந்தி வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். எனக்கு ஐந்தாவது வாரத்திலும் நிற்கவில்லை. அரை டம்ளர் சூப் தங்கினால் பெரிது. கொடுத்த சத்து மாத்திரையும் தங்கவில்லை. போய்ச் சொன்ன ஒவ்வொரு முறையும் நர்ஸ் என்னை எடை மெஷினில்தான் ஏற்றினார். "எடைதான் நல்லா இறங்குதே, அப்புறம் என்னம்மா கவலை?" என்றார். உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் உடைகளை நானே மூன்று முறை பிடித்துத் தைத்தேன். "இந்த மாசம் கடையில உன் துணிய மட்டும்தான் தைக்கிற போல" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். சிரித்துவிட்டு மறுபடியும் போய் வாந்தி எடுத்தேன்.

4. எட்டாவது வாரம் பாதம் இரண்டும் மரத்தன. தையல் மெஷினின் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டிருக்க, ஊசி ஓடிக்கொண்டே இருந்தது. ஒருவருடைய சட்டைக் கையை உடம்புப் பகுதியோடு சேர்த்துத் தைத்துவிட்டேன். மருத்துவமனையில் சொன்னதற்கு, "ரொம்ப நேரம் உக்காந்தா அப்படித்தாம்மா" என்றார்கள். இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன், ஐயா.

5. ஒன்பதாவது வாரம் பத்தொன்பது கிலோ குறைந்திருந்தது. கைதட்டினார்கள். வரவேற்பறையில் நிறுத்திச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள்.

6. படம் எடுத்த நான்காம் நாள் குளியலறையில் விழுந்தேன். எதைப் பார்த்தாலும் இரண்டிரண்டாகத் தெரிந்தது. வீட்டுக்காரர் என்னை அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஒன்பது வாரமாக யாரும் கேட்காத கேள்வியை அங்கிருந்த மருத்துவர் முதலில் கேட்டார்: "கடைசியா சாப்பிட்டது எப்போ வயித்துல தங்குச்சு?" நான் அழுதுவிட்டேன். வாந்தியினால் பி-1 வைட்டமின் அடியோடு தீர்ந்து நரம்பைத் தாக்கியிருக்கிறது என்றார். குளுக்கோஸ் ஏற்றும் முன்பே அந்த ஊசியைப் போட்டார். இன்னும் சில நாள் விட்டிருந்தால் நினைவும் குழம்பியிருக்குமாம். பலூனை எடுத்தாயிற்று. கண் சரியாகிவிட்டது, இடது காலும் தேறிவிட்டது. மிதியை அழுத்தும் வலது கால் மட்டும் பாதி மரத்தே இருக்கிறது. குனிந்து பார்த்துத்தான் அழுத்துகிறேன்.

7. பலூன் வைத்த மருத்துவமனைக்கு நியாயம் கேட்கப் போனபோது என் நோட்டுப் புத்தகத்தையே என்னிடம் நீட்டினார்கள். "ஆறு தடவை ஆலோசனை வாங்கியிருக்கீங்களே, கையெழுத்து இருக்கே." தலையில் அடித்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

8. நாத்தனாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள், "போங்க அண்ணி, படத்துல எவ்வளவு அழகா நிக்கிறீங்க. அதைப் பார்த்துத்தானே நானே பேர் குடுத்தேன்" என்கிறாள். நான் உட்கார்ந்து பேசுவது அவள் காதில் ஏறவில்லை. நிற்கும் என் படத்தைத்தான் நம்புகிறாள்.

ஆகவே, பதினான்காம் தேதிக்குள் ஆலோசகர் அறையில் ஓர் ஆலோசகரை உட்கார வைக்கவும், நடக்காத ஆலோசனைக்கு முன்கூட்டியே கையெழுத்துப் போடுவதை நிறுத்தவும், வாந்தி நிற்கவில்லை என்று சொல்பவரை எடை மெஷினில் ஏற்றும் முன் என்ன சாப்பிட்டார், எது தங்கியது என்று கேட்கவும் உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். என் படத்தையும் இறக்கச் சொல்லுங்கள்.

இறக்க முடியாது என்றால், நேரில் வந்து ஒரு முறை அதைப் பாருங்கள். ஒரு நாற்காலியின் முதுகில் கை வைத்து ஒயிலாக நிற்பேன். பார்க்கிறவர்கள் அந்த நிற்கும் அழகைத்தான் புகழ்கிறார்கள். கையை எடுத்திருந்தால் விழுந்திருப்பேன். படம் எடுக்கும்போது நிற்க முடியவில்லை என்று நான் சொன்னதும், வரவேற்புப் பெண் ஓடிப் போய் அந்த நாற்காலியைத் தூக்கி வந்தார். ஊட்டச்சத்து ஆலோசகரின் அறையிலிருந்து. கட்டடத்திலேயே அது ஒன்றுதான் சும்மா இருந்தது.

நான்காம் மனு எழுத விரும்பாத,

(கையொப்பம்)
தையல் கடைக்காரி

இடம்: என் கடை, மெஷின் முன்னால்
நாள்: இம்மாதம் மூன்றாம் தேதி