மாமா சிரிக்கும் ஒரே படம்

என் அருமை மாமாவுக்கு,

நீதிமன்றம் உங்களை இறந்தவர் என்று சொல்லிவிட்டது. சட்டம் காத்திருக்கச் சொன்ன வருடங்கள் முடிந்துவிட்டனவாம். புவனகிரியில் வெள்ளாற்றுப் பாலத்தருகே உங்கள் பைக் நின்றிருந்தது, நீங்கள் இல்லை. அதற்கு மேல் போலீசுக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. யாராவது உங்களை ஏதாவது செய்தார்களா? இல்லை, நீங்களாகவே எங்கேயாவது போய்விட்டீர்களா? பதில் சொல்லத்தான் நீங்கள் இல்லையே.

ஊர்ச் செய்தி சொல்கிறேன். உங்கள் அண்ணன் படத்திறப்பு வைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். என் அக்காவும் கடைசியில் சரி என்றாள். ஆனால் திறப்பதற்குப் படம் வேண்டுமே? யாராவது போனைத் தூக்கினாலே எழுந்து போய்விடுவீர்கள். கல்யாண ஆல்பம் வெள்ளத்தில் ஊறி ஒட்டிப்போனபோது, "நல்லதாப் போச்சு மச்சான்" என்றீர்கள். மிச்சம் இருந்தது ஆதார் அட்டைப் படம்தான்.

"இது அவரு இல்லடா, அவர தேடிக்கினு வந்த போலீஸ்காரன் மாதிரி இருக்கு" என்றாள் அக்கா.

நீங்கள் படத்துக்கு நிற்காததற்குக் காரணம் உங்கள் வேலை. தாங்கள் வேலை பார்க்கும் இடத்தில் நடக்கும் தப்பை வெளியே சொல்ல நினைப்பவர்கள் மாட்டிக்கொள்ளாமல் இருக்க வழி சொல்லித் தருவீர்கள். போனை எப்படிப் பூட்டுவது, ஒரு படத்தை அனுப்பும் முன் அதற்குள் பதிவாகியிருக்கும், எடுத்த இடத்தையும் நேரத்தையும் எப்படி அழிப்பது. நானும் சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் படித்தவன்தான். என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வாய்விட்டுக் கேட்டேன். "நீ உன் வேலைய பாரு மச்சான்" என்றீர்கள். அது இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

படத்திறப்புக்கு முந்தின வாரம் ஒரு அம்மா செம்மண்டலத்தில் நம் வீட்டுக்கு வந்தார். சிதம்பரத்துக்காரர். ஓர் ஆலையில் கழிவுநீரைச் சோதிக்கும் பிரிவில் வேலை. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பதை வெளியே சொன்னவர் அவர்தான், சொல்ல வைத்தது நீங்கள். இது எதுவும் அதுவரை எனக்குத் தெரியாது. அக்காவுக்கே தெரியாது. அவர் பையிலிருந்து போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார்.

நீங்கள். பல் தெரியச் சிரிக்கிறீர்கள்.

"இது எப்படி உங்ககிட்ட வந்துது?" என்று கேட்டேன். மரியாதையாகக் கேட்கவில்லை.

"அவுங்கதான் தம்பி எடுக்கச் சொன்னாங்க. எங்க வீட்டுக்கு வந்திருந்தாங்க. நான் பயந்துக்கினு வாயே தொறக்கல. 'மொதல்ல என் மூஞ்சிய படம் புடிச்சி வச்சிக்குங்க. நாளைக்கு நான் உங்கள காட்டிக் குடுத்தா, நீங்களும் என்ன காட்டிக் குடுக்கலாம்'னாங்க. யாரப் பாத்தாலும் அப்டித்தான் ஆரம்பிப்பாங்களாம்."

"எதுக்கு இப்படிச் சிரிக்கிறாரு?"

"நான் போனத் தலகீழாப் புடிச்சிருந்தேன்."

எத்தனை பேரிடம் உங்கள் முகம் இருக்கிறது மாமா? முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். கூடவே சாப்பிட்டு, கூடவே தூங்கி எழுந்த எங்களிடம் ஒன்றுகூட இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது. செத்தவரிடம் பொய் எதற்கு?

அக்கா அழவில்லை. போனை வாங்கி, விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். "காலர் கிழிஞ்சுதுன்னு இந்தச் சட்டைய ஒதுக்கி வச்சிருந்தேன். அதையே போட்டுக்கினு போயிருக்காரு பாரேன்." நான் கேட்டும் ரொம்ப நேரம் போனைத் தரவில்லை.

அந்த அம்மா படத்தை எனக்கு அனுப்பிவிட்டு, "நான் இன்னும் அங்கதான் வேல பாக்கறேன் தம்பி. என்னால எதுவும் வெளிய தெரிய வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஃபிளெக்ஸ் கடைக்கு அனுப்பும் முன் நானும் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் மூக்குக் கண்ணாடியில் அந்த அம்மா தெரிகிறார். போனைப் பிடித்த கை, முகம், கழுத்தில் ஆலையின் அட்டை, எல்லாமே. படத்திறப்பு நடக்கும் மஞ்சக்குப்பத்தில் பத்தடி உயர பேனராக வைத்தால், அவரோடு வேலை செய்கிற எவனும் கண்டுபிடித்துவிடுவான். பின்னால் கண்ணாடி இருக்கிறதா, எதிரே ஜன்னல் இருக்கிறதா பார் என்று எல்லோருக்கும் பாடம் எடுத்தவர், சிரிக்கிற அவசரத்தில் தன் கண்ணாடியைக் கழற்ற மறந்துவிட்டீர்கள்.

தெரிந்தால் தெரியட்டுமே என்று ஒரு நொடி நினைத்தேன். என்மேல் நீங்கள் வைக்காத நம்பிக்கையை நான் ஏன் காப்பாற்ற வேண்டும்?

பிறகு கண்ணாடியிலிருந்து அவரை அழித்துப் பார்த்தேன். எனக்கு அது ஒரு நிமிட வேலை. அவர் போனதும் உங்கள் கண்ணும் போய்விட்டது. கடைசியாக விற்காமல் கிடக்கும் மீனின் கண் மாதிரி ஆகிவிட்டது. அது நீங்கள் இல்லை. அதைத் தூக்கிப் போட்டேன்.

"படம் கெடச்சிதாமே, கடைக்கு அனுப்புடா" என்றார் உங்கள் அண்ணன்.

"தர முடியாது."

"ஏன்டா?"

"முடியாதுன்னா முடியாது."

"அப்டியே உன் மாமன் மாதிரியே பேசற" என்று திட்டினார். அன்றைக்கு என் காதில் விழுந்த ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

கடைசியில் ஆதார் படத்தைத்தான் திறந்தார்கள். வந்தவர்கள் மாலை போட்டுவிட்டு, "ஆளே மாறிட்டாரே" என்றார்கள். அக்கா என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். ஏன் என்று கேட்காமல் ஊதுவத்தி ஏற்றப் போய்விட்டாள்.

அந்த அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். யார் என்று யாரும் கேட்கவில்லை.

அவர்மேல் இருக்கிற பொறாமை போகும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். வேறொரு சத்தியம் செய்கிறேன். நீங்கள் சிரிக்கும் அந்தப் படம் என் கையைவிட்டுப் போகாது. உங்கள் அண்ணன் கேட்டாலும் சரி, போலீஸ் கேட்டாலும் சரி. நீங்களே எதிரில் வந்து நின்று கேட்டாலும், அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் தருவேன். என்னிடம் காப்பாற்றச் சொல்லி நீங்கள் எதையும் தரவில்லை. இதை நானே எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் சேர்த்துக்கொள்ளாவிட்டாலும்,
உங்கள் மச்சான்தான்,
செம்மண்டலத்திலிருந்து.