இவர் போனுக்குப் புது பேட்டரி

வியாழன் இரவு. ஆயுத பூஜைக்கு அடுத்த வாரம்.

இவர் போனில் சில நாளாகச் சார்ஜ் ஏறவில்லை. டாக்ஸிக்குச் சவாரி வருவதே அதில்தான். பேட்டரி போய்விட்டது என்று நான்தான் தீர்ப்புச் சொன்னேன். நானே மாற்றுகிறேன் என்று எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடையில் புதிதும் வாங்கி வந்தேன்.

சாயங்காலம் ஹேர் டிரையரால் போனின் முதுகைச் சூடாக்கி, பசை இளகியதும் பழைய ஏ.டி.எம். கார்டை நுழைத்து மூடியைக் கழற்றினேன். இவர் பிரசவ அறைக்கு வெளியே நிற்பவர்போல் கையைப் பிசைந்துகொண்டு, "பார்த்தும்மா, பார்த்தும்மா" என்றார். ஒரு திருகாணிகூட மிச்சமில்லாமல் மாட்டி முடித்தேன். அப்போதும் ஏறவில்லை.

பேட்டரி விற்றவனை எங்கள் ஸ்ரீராம்புரம் சந்தே கேட்கும்படி திட்டினேன். இவர் சத்தமில்லாமல் பல் குத்தும் குச்சியால் சார்ஜர் சொருகும் ஓட்டையைக் கிளறினார். காய்ந்த சந்தனம் உதிர்ந்தது. பின்னாலேயே குங்குமம்.

"இது எப்படிங்க உள்ளே போச்சு?"

"பூஜைல காருக்கு வெச்சப்போ போனுக்கும் ஒரு பொட்டு வெச்சேன். ஸ்க்ரீன்ல வெச்சா அழுக்காவுமேன்னு அடியில வெச்சேன்."

சார்ஜரைச் சொருகினார். ஏறியது.

"அப்போ பழைய பேட்டரி நல்லாத்தான் இருந்துச்சா? எல்லாம் உங்க பொட்டால வந்த வினையா?"

"நீ இவ்ளோ நோண்டியும் போன் உயிரோட இருக்கே, அது எதால?" என்று கேட்டுவிட்டு, போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இவரை மடக்க ஒரு பதில் வேண்டும். இதுவரை வரவில்லை. பக்கத்திலிருந்து குறட்டைதான் வருகிறது.