பதினெட்டாம் ஆள்

பிப்ரவரி 11, ஞாயிறு

தூக்கம் 7 மணி நேரம். எடை 91. ஆடிய நிமிடம் 0.

கிளப்பில் ஆளுக்கொரு நோட்டு கொடுத்திருக்கிறார்கள். இந்த மூன்றையும் எழுதி மாதக் கடைசியில் காட்ட வேண்டுமாம். மூன்றாவது கட்டத்துக்கு என்னிடம் சரக்கு இருக்காது போலிருக்கிறது. பின்பக்கங்களில் எனக்காக எழுதிக்கொள்கிறேன். அதை யாரும் புரட்ட மாட்டார்கள்.

இன்று ரக்பி சீசனின் முதல் ஆட்டம். 22-10, வென்றோம். களத்தில் பதின்மூன்று பேர், பெஞ்சில் நான்கு பேர், அதற்கும் பின்னால் நான். பதினெட்டாம் ஆள். எங்கள் அணியில் மூன்று பேர் தலையில் அடிபட்டு, டாக்டரின் சோதனையில் தோற்று வெளியேறினால் நான் இறங்கலாம். அதுவரை தண்ணீர் பாட்டில் தூக்க வேண்டும். ஒப்புக்குச் சப்பாணி.

இருபத்தேழு வயதில் கிடைத்த முதல் தொழில்முறை ஒப்பந்தம் இது. பகலில் ஜன்னல் கண்ணாடி மாட்டுகிறேன், செவ்வாயும் வியாழனும் மாலைப் பயிற்சி. எங்கள் கிராஸ்பெக் கிளப்பில் பாதிப் பேர் இப்படித்தான்.

ஆட்டம் முடிந்து கிளப் பாருக்குப் போனேன். சுவரில் அந்தப் பலகை. முதல் அணிக்காக ஒரு தடவையாவது களத்தில் கால் வைத்தவனுக்கு ஒரு எண், எண்ணுக்குப் பக்கத்தில் பெயர். நூற்று முப்பது வருடமாக எழுதுகிறார்கள், 1,213 வரை வந்திருக்கிறது. அந்த எண்ணை அப்புறம் யாராலும் பிடுங்க முடியாது. பயிற்சி கணக்கில் வராது. பெஞ்சில் உட்கார்ந்திருந்ததும் வராது.

அப்பா அதற்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தார். "பலகையில உனக்கு இடம் இருக்குடா டேரில். மைதானத்துலதான் இல்ல" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

மார்ச் 5, செவ்வாய்

ஓல்ட்ராய்டின் வேனில் பயிற்சிக்குப் போனேன். எப்போதும் அவன்தான் ஏற்றிக்கொள்வான், அடுத்த தெரு. கூரை ஓடு மாற்றும் வேலை, வேன் முழுக்கத் தூசி. என்னைவிட நான்கு வயது மூத்தவன். ஒன்பதாம் எண் சட்டை அவனுடையது. நானும் அதே இடத்து ஆட்டக்காரன். அவன் எண்பது நிமிடமும் ஆடுவான், மூச்சே வாங்காது. அவன் இருக்கிறவரை எனக்கு வேலை இல்லை.

அவனுக்கும் அது தெரியும். இறைச்சி பஃப்ஸைக் கடித்துக்கொண்டே சொன்னான்: "நான் செத்தாத்தான் உனக்குச் சட்டை, மாப்ள. ஆனா ஒண்ணு, தண்ணி நல்லாத் தூக்குற."

மீதிப் பாதி பஃப்ஸை எனக்குக் கொடுத்தான். அவனைப் பிடிக்காமல் இருப்பது கஷ்டம்.

மார்ச் 24, ஞாயிறு

ஆடிய நிமிடம் 0. தண்ணீரோடு களத்துக்குள் ஓடியது 31 தடவை. எண்ணினேன்.

மே 12, ஞாயிறு

0. பட்டியலில் மூன்றாவது இடத்துக்கு வந்துவிட்டோம். நல்ல அணி. நல்ல அணியில் யாருக்கும் அடிபடுவதும் இல்லை.

கடைசி வாக்கியத்தை அடிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

ஜூன் 9, ஞாயிறு

கம்பிரியாவில் ஆட்டம், கடல் காற்று ஆளைத் தள்ளியது. இடைவேளைக்குள் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் தலைச் சோதனையில் தோற்றார்கள். இன்னும் ஒருவர்தான். கால் தானாகத் துள்ளியது, பயிற்சியாளர் மல்லின்சன் கூட என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

ஓரத்து ஆட்டக்காரன் ஜோயல் ஒருவனை மடக்கிவிட்டு எழுந்தபோது தள்ளாடினான். நான் பார்த்தேன். முதலுதவிக்கார ஜேனைனிடம் போய்ச் சொன்னேன். அவனை வெளியே கூப்பிட்டுச் சோதித்தார்கள். பதினைந்து நிமிடம். தேறிவிட்டான், தலை தெளிவாக இருந்தது. அந்தப் பதினைந்து நிமிடத்தில் அவன் காவல் காக்க வேண்டிய மூலையிலேயே எதிரணி இரண்டு முறை பந்தை வைத்துப் புள்ளி எடுத்தது. தோற்றோம்.

பஸ்ஸில் முதல் அரை மணி நேரம் யாரும் என்னிடம் பேசவில்லை. பிறகு ஓல்ட்ராய்ட் எழுந்து நின்று இரண்டு கையையும் இறக்கை மாதிரி விரித்தான். "எவன் மண்டை எப்ப உடையும்னு மேலயே வட்டம் போடுறான் பாரு. கழுகுடா இவன்." பஸ்ஸே சிரித்தது. ஜோயல் மட்டும் சிரிக்கவில்லை.

அவன் தள்ளாடியது நிஜம். எனக்கு ஆசை இருந்ததும் நிஜம். எதனால் சொன்னேன்? எனக்கே தெரியவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

உடை மாற்றும் அறையில் என் கொக்கியில் புறா இறகு ஒன்றைச் செருகி வைத்திருந்தார்கள். ஜேனைன் தனியாகக் கூப்பிட்டு, "நீ சொன்னது சரிதான் டேரில். மறுபடி பாத்தாலும் சொல்லு" என்றாள். சரி என்றேன். இனி சொல்வதாக இல்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

மல்லின்சன் அவருடைய அறைக்குக் கூப்பிட்டார். ஒப்பந்தம் நவம்பரோடு முடிகிறது. "உன்ன வச்சுக்கணும்னுதான் எனக்கும் ஆசை. நீ லேட்டா வந்ததில்ல, ஒரு நாள் லீவு போட்டதில்ல. ஆனா கமிட்டியில கேப்பாங்கல்ல, இவன் என்ன ஆடினான்னு. நான் என்னத்தக் காட்ட?"

நோட்டைக் காட்டலாம். வரிசையாக முட்டை.

திரும்பும்போது ஓல்ட்ராய்டிடம் சொன்னேன். அவன் கிண்டல் செய்யவில்லை. "கடைசி லீக் ஆட்டத்துல எனக்குக் கால் சுளுக்குன்னு சொல்லிடவா? பத்து நிமிஷம் நீ இறங்கு" என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிச்சையாக ஒரு எண் வேண்டாம். அப்போது அப்படித் தோன்றியது. இப்போது, வாங்கியிருக்கலாமோ?

அக்டோபர் 6, ஞாயிறு

அரையிறுதி 26-12. அடுத்த ஞாயிறு இறுதி ஆட்டம். ஊரில் சலூன்காரன் முதல் மீன் கடைக்காரன் வரை அதே பேச்சு. நான் 0.

அக்டோபர் 14, திங்கள்

நேற்று வென்றோம். 18-16. கோப்பை கிராஸ்பெக்கில் இருக்கிறது. நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன்.

இருபதாவது நிமிடம் ஒருவன் தலைச் சோதனையில் தோற்று வெளியேறினான். ஐம்பத்தைந்தாவது நிமிடம் இன்னொருவன். டாக்டர் அவனோடு உள்ளே போய்விட்டார். ஜோயல் என்னைப் பார்த்து இறக்கை அடித்துக் காட்டினான்.

அறுபத்தொன்றில் ஓல்ட்ராய்ட் ஒரு தடியனை மடக்கினான். அந்த ஆளின் முழங்கால் அவன் நெற்றிப்பொட்டில் பட்டது. எதிர்ப்பக்கம் ஒருவனுக்கு மூக்கில் ரத்தம், ஜேனைன் அங்கே குனிந்திருந்தாள். அதனால் பார்த்தவன் நான் ஒருவன்தான். தண்ணீரோடு ஓடினேன். பாட்டிலை வாங்கி, மூடியைத் திறக்காமலே வாயில் கவிழ்த்தான். நான் திறந்து கொடுத்தேன். "நாம எந்தப் பக்கம்டா போறோம்?" என்றான். அப்புறம் அவனே சிரித்தான். கண் என்மேல் நிற்கவில்லை.

ஜேனைன் தூரத்திலிருந்து கத்தினாள்: "அவன் சரியா இருக்கானா?"

இல்லை என்றால் அவன் வெளியே, நான் உள்ளே. அவன் சட்டை, அவன் இடம், எனக்கு எண், அதுவும் இறுதி ஆட்டத்தில். ஊரே சொல்லும், கழுகு கடைசியில் கொத்திவிட்டது என்று. அவ்வளவு ஆசை இருந்தது எனக்கு, எழுதவே வெட்கமாக இருக்கிறது. அந்த ஆசையைப் பார்த்துத்தான் பயந்தேன். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

எழுபத்து நான்காவது நிமிடம் கோட்டுக்கு நான்கு அடி தூரத்தில் ஓல்ட்ராய்ட் குனிந்து பந்தை எடுத்தான். இடப்பக்கம் தூக்கிப் போடுவதுபோல் காட்டிவிட்டு நேராகப் பாய்ந்தான். மூன்று பேர் மேலே விழுந்தார்கள். பந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. டிரை. வெற்றிக்கான புள்ளிகள் அவைதான். அவன் எழுந்திருக்க நேரமானது. எல்லோரும் அவன்மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்ததால் அது யாருக்கும் தெரியவில்லை.

பஸ்ஸில் வாந்தி எடுத்தான். பீர் என்று சொல்லிக் கைதட்டினார்கள். அவன் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை. என் பக்கத்து சீட்டில்தான் இருந்தான்.

அக்டோபர் 22, செவ்வாய்

ஓல்ட்ராய்டின் மனைவி டான்யா போன் செய்தாள். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதாம், திரை போட்டே படுத்திருக்கிறானாம். "ஜெயிச்சோமான்னு தினமும் கேக்குறான். நானும் தினமும் ஆமாங்கிறேன்" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை, களைப்புதான்.

நவம்பர் 19, செவ்வாய்

வண்டி ஓட்டக் கூடாது, ஏணியில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரக்பியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம் என்றாராம். கூரைக்காரன் ஏணி ஏறாமல் என்ன பிழைப்புப் பிழைப்பான்?

மல்லின்சன் எனக்கு இரண்டு வருட ஒப்பந்தம் கொடுத்தார். ஒன்பதாம் எண்ணுக்கு ஆள் வேண்டுமே. கையெழுத்துப் போட்டேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

செவ்வாய்க்கிழமைகளில் அவனை மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது நான்தான், அவன் வேனிலேயே. வழியில் எப்போதும் ஒரே கேள்வி. "அந்த டிரை எப்படிடா போட்டேன்? சொல்லேன்." இறுதி ஆட்டத்தின் பின்பாதி அவன் ஞாபகத்தில் சுத்தமாக இல்லை. வீடியோ பார்த்தால் தலை வலிக்கிறது, அதனால் நான் சொல்ல வேண்டும். குனிந்தாய், ஏமாற்றினாய், பாய்ந்தாய். இதுவரை ஏழெட்டுத் தடவை சொல்லியாயிற்று.

இன்று முன்னாலிருந்தே சொன்னேன். முழங்கால், மூடி, எந்தப் பக்கம் போகிறோம் என்று கேட்டது, என் கட்டைவிரல். எல்லாம். மனசு தாங்கவில்லை.

கேட்டுவிட்டுச் சிரித்தான். "நீ மட்டும் என்னை வெளிய கூப்பிட்டிருந்தா, அன்னைக்கே உன்னைக் கொன்னுருப்பேன் மாப்ள. ஃபைனல்டா அது. விடு."

வீட்டுக்கு வந்து அழுதேன். ஒரு வழியாக முடிந்தது என்று நினைத்தேன்.

ஜனவரி 7, செவ்வாய்

"அந்த டிரை எப்படிடா போட்டேன்?"

போன மாசம் நான் சொன்னது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். "எது? குனிஞ்சேன், ஏமாத்தினேன், அதுதானே?" என்றான்.

மற்றது இல்லை. முழங்கால் இல்லை, கட்டைவிரல் இல்லை, அவன் விடு என்று சொன்னதும் இல்லை. என்னை மன்னித்தவனுக்கே அது தெரியாது. குனிந்தாய், ஏமாற்றினாய், பாய்ந்தாய் என்று சொல்லி வண்டியை ஓட்டினேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

80 நிமிடம். தோற்றோம், 14-20. இனி என்னுடைய எண் 1,214.

முதல்முறை களம் இறங்குகிறவனுக்குப் பழைய ஆட்டக்காரர் ஒருவர் உடை மாற்றும் அறையில் வந்து சட்டையும் எண்ணும் கொடுப்பது எங்கள் வழக்கம். ஓல்ட்ராய்டைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். உள்ளேயும் கறுப்புக் கண்ணாடியோடு நின்றான். பேச வேண்டியதைச் சீட்டில் எழுதி வந்திருந்தான். பாதியில் அதை மடித்துப் பையில் வைத்துவிட்டான்.

"ஃபைனல்ல ரெண்டு பேர் வெளிய போயாச்சு. இன்னும் ஒரு மண்டை கலங்கினா இவன் உள்ள. வேற எவனா இருந்தாலும் வேண்டிக்கிட்டு நின்னுருப்பான். இவன் என்கிட்ட வந்து தண்ணி குடுத்துட்டுப் போனான்னு சொல்றாங்க. சுயநலமே இல்லாத பய. இவனுக்கு என் சட்டையக் குடுக்குறதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

எல்லோரும் கைதட்டினார்கள். ஜோயல் வந்து கட்டிப்பிடித்தான். மல்லின்சன் என்னை ஏதாவது பேசச் சொன்னார். வாய் வரை வந்தது. தேங்க்ஸ் என்று மட்டும் சொல்லிச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். அப்பா பாரில் எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்தாராம்.

ஆட்டம் முடிந்து அவனை வேனில் கூட்டி வந்தேன். அவன் கேட்கவே இல்லை, நானாகவே ஆரம்பித்தேன். முழங்காலிலிருந்து கட்டைவிரல் வரை, எதையும் விடாமல். அவன் தெரு முனையில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் சொன்னேன்.

இந்த முறை சிரிக்கவில்லை. "நீ பாத்தியா?" என்றான். ஆமாம் என்றேன். "பாத்துட்டு நல்லாருக்கான்னு சொன்ன?" ஆமாம். "நான் இனிமே கூரை ஏற முடியாதுடா" என்றான். கத்தவில்லை. இறங்கிப் போய்விட்டான், கதவைச் சாத்தவில்லை.

செவ்வாய்க்கிழமை கூட்டிப்போக வேண்டும். அதற்குள் இதையும் மறந்திருப்பானோ என்னவோ. மறக்காமல் இருந்தால் தேவலை. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான் என்றால், அவன் தேறி வருகிறான் என்று டான்யாவிடம் சொல்லலாம்.